சூடாகாத மைக்ரோவேவும் பெர்சி ஸ்பென்சரும்

விளக்கு எரிகிறது, தட்டு சுற்றுகிறது, சத்தமும் வருகிறது. உள்ளே வைத்த சாம்பார் மட்டும் சில்லென்றே இருக்கிறது. மைக்ரோவேவ் வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது. இந்தக் கோளாறைப் புரிந்துகொள்ள, அந்தப் பெட்டியை உலகுக்குத் தந்த பெர்சி ஸ்பென்சரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது உதவும்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஹௌலண்ட் என்ற சிற்றூரில் 1894-ல் பிறந்தவர் ஸ்பென்சர். ஒன்றரை வயதில் தந்தை இறந்தார். தாயும் விட்டுச் செல்ல, அத்தையும் மாமாவும் வளர்த்தார்கள். ஏழு வயதில் அந்த மாமாவும் காலமானார். படிப்பைப் பாதியில் விட்டு, நூல் சுற்றும் மரக்கட்டைகள் செய்யும் மில்லில் சிறுவனாகவே வேலைக்குப் போனார். பக்கத்துக் காகித ஆலைக்கு மின்சாரம் வந்தபோது, அதுபற்றி எதுவும் தெரியாமலே அந்த வேலையில் சேர்ந்து, செய்து செய்தே கற்றுக்கொண்டார்.

1912-ல் டைட்டானிக் மூழ்கியபோது, உதவி கேட்டுச் செய்தி அனுப்பிய கம்பியில்லாத் தந்தி அவரை ஈர்த்தது. கடற்படையில் சேர்ந்தார். இரவுக் காவல் பணியில் நின்றபடியே கணிதமும் இயற்பியலும் தானாகப் படித்தார். 1920-களில் ரேதியான் நிறுவனத்தில் சேர்ந்தார்.

இரண்டாம் உலகப் போரில் ரேடாரின் உயிர்நாடி மேக்னெட்ரான் என்ற குழாய். 1940-ல் பிரிட்டன் விஞ்ஞானிகள் உருவாக்கிய சக்திமிக்க மேக்னெட்ரானைக் கெட்டிச் செம்பில் நுட்பமாகக் குடைந்து செய்ய வேண்டியிருந்ததால், ஒரு நாளைக்குச் சிலவே தயாராயின. மெல்லிய தகடுகளாக வெட்டி, அடுக்கி, உலையில் ஒட்டவைத்தால் போதும் என்று ஸ்பென்சர் வழி சொன்னார். உற்பத்தி நாளொன்றுக்கு 2,600 வரை உயர்ந்தது. கடற்படை உயரிய விருது தந்து கௌரவித்தது.

1945-ல் இயங்கிக்கொண்டிருந்த மேக்னெட்ரான் அருகே நின்றபோது, அவர் சட்டைப் பையிலிருந்த மிட்டாய் உருகியது. அவர் அதோடு விடவில்லை. சோளத்தை வைத்துப் பார்த்தார், பொரிந்தது. முட்டையை வைத்தார், வெடித்தது. அதே ஆண்டு அக்டோபரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1950-ல் கிடைத்தது. 1947-ல் வந்த முதல் அவன் ஆள் உயரம், எடை சுமார் 340 கிலோ. வீட்டு மேடையில் வைக்கும் அளவு மாடல் பிரபலமானது 1967-ல்தான். 1970-ல், 76-வது வயதில் ஸ்பென்சர் மறைந்தார்.

அவர் கையாண்ட அதே மேக்னெட்ரான்தான் நம் வீட்டு அவனிலும் சூட்டைத் தருகிறது. விளக்குக்கும் தட்டுக்கும் சாதாரண மின்சாரம் போதும். மேக்னெட்ரானுக்கோ ஏறத்தாழ 4,000 வோல்ட் வேண்டும். அதைத் தருபவை டிரான்ஸ்ஃபார்மர், கெப்பாசிட்டர், டயோடு ஆகியவை. இவற்றில் ஒன்று போனாலும், மேக்னெட்ரானே போனாலும் எல்லாம் ஓடும், சூடு மட்டும் வராது.

முதலில் நாமே பார்க்கக்கூடியவை: பவர் லெவல் குறைவாகவோ டீஃப்ராஸ்டிலோ உள்ளதா, கதவு சரியாக மூடியிருக்கிறதா, வோல்டேஜ் குறைவா என்று பாருங்கள். பிறகு மைக்ரோவேவுக்கு ஏற்ற கண்ணாடி அல்லது பீங்கான் கோப்பையில் தண்ணீர் வைத்து, முழு பவரில் இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். அப்போதும் தண்ணீர் குளிர்ந்தே இருந்தால் கோளாறு உள்ளே இருக்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

தயவுசெய்து மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. டெஸ்டரும் ஸ்க்ரூ டிரைவரும் வைத்திருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். வாரண்டி அட்டையைப் பாருங்கள். அது முடிந்திருந்தால் உத்தேசச் செலவை முதலிலேயே எழுதி வாங்குங்கள். பழைய அவனுக்கு மேக்னெட்ரான் மாற்றுவதைவிடப் புதியது வாங்குவதே சில சமயம் லாபம்.

ஸ்பென்சர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்தான். ஆனால் தொடும் பொருளை முழுதாகப் படித்துத் தெரிந்துகொண்டவர். அந்தப் படிப்பு உள்ளவர் கையில் பழுது பார்க்கும் வேலையை விடுவதே நமக்கு நல்லது.