நிழல்களைக் கூட்டி உருவம் சமைத்தவர்

சென்ற கோடை விடுமுறை முடிந்து திரும்புகையில் என் தாத்தாவையும் உடன் அழைத்துக்கொண்டு பெங்களூர் வந்தேன். தருமபுரியில் அரிசி ஆலை ஒன்றில் நாற்பது ஆண்டுகள் கணக்கெழுதியவர் அவர். முத்து முத்தான கையெழுத்து. அந்த எழுத்து ஓராண்டாக நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வந்து, கடைசியில் கடுகளவாகிவிட்டது. சும்மா இருக்கும்போதெல்லாம் வலது கை நடுங்கியது. மருத்துவர் மூளையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பொறி உள்ளே தட்டுகிற ஓசை கதவைத் தாண்டியும் கேட்டது. பிறகு படம் வந்தது. மண்டையில் ஒரு கீறலும் இல்லாமல், மூளை மடிப்பு மடிப்பாகக் கண்முன் விரிந்தது. என்னே விந்தை! ஆனால் படத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை என்று மருத்துவர் சொன்னார். நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் நோய் என்று அவர் முடிவு செய்தது தாத்தாவின் நடையையும் கையையும் பார்த்துத்தான்.

திரும்பி வரும் வழியில் தாத்தா ஒன்று கேட்டார். படத்தில் குறை இல்லை என்றால் கை ஏன் நடுங்க வேண்டும்? அந்தப் படம் எதைத்தான் காட்டுகிறது? எனக்கு விடை தெரியவில்லை. இத்தனைக்கும் நான் படிப்பது பொறியியல்!

அந்த வெட்கம் என்னை விடவில்லை. சில வாரங்கள் கழித்து, வகுப்பில் கணிப்பொறி கொண்டு உடலின் உட்படத்தை உருவாக்கும் பயிற்சி வந்தது. படத்தைத் தெளிவாக்கும் வழிகள் வரிசையாகக் கொடுக்கப்பட்டிருந்தன. முதல் பெயர் ராம்-லாக். யாரோ மேல்நாட்டுத் துரைமகன் என்றே நான் எண்ணினேன். ஆசிரியர் சிரித்துவிட்டுச் சொன்னார்: அது ஒருவர் பெயரன்று, இருவர் பெயர், ராம் என்பது ஜி. என். ராமச்சந்திரன், லாக் என்பது ஏ. வி. லட்சுமிநாராயணன், இருவரும் இதே ஊரில், டாட்டா இன்ஸ்டிடியூட் என்று நம்மவர் அழைக்கும் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இருந்தவர்கள். நான் தலை குனிந்தேன். அன்று மாலையே நூலகம் சென்றேன். அங்கே நான் அறிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜி என்ற முதலெழுத்து கோபாலசமுத்திரம் என்னும் ஊர்ப்பெயர். நெல்லைச் சீமையைச் சேர்ந்தது. ஆனால் ராமச்சந்திரன் பிறந்தது எர்ணாகுளத்தில், 1922 அக்டோபர் 8 அன்று. தந்தை அங்கே மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். ஆகவே கணக்கு அவருக்கு வீட்டிலேயே கிடைத்த சொத்து. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் பயின்று, 1942-ல் பெங்களூர் வந்தார். சேர்ந்தது மின்பொறியியல் துறையில். ஆனால் மனம் பௌதிகத்தையே நாடியது. அப்போது அங்கே பௌதிகப் பேராசிரியராக வீற்றிருந்தவர் சர் சி. வி. ராமன். இளைஞரின் ஆற்றலைக் கண்டுகொண்ட ராமன் அவரைத் தம் துறைக்கே மாற்றி எடுத்துக்கொண்டார். ராமனிடம் பயின்று 1947-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பின் கேம்பிரிட்ஜ் சென்று கேவண்டிஷ் ஆராய்ச்சிக் கூடத்தில் இன்னொரு டாக்டர் பட்டமும் பெற்று, 1949-ல் பெங்களூருக்கே திரும்பினார்.

1952-ல் சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் அவரைப் பௌதிகத் துறைக்குத் தலைமை ஏற்க அழைத்தார். அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை! மேல்நாட்டு ஆராய்ச்சிக் கூடங்களோடு ஒப்பிட்டால் அங்கிருந்த கருவிகள் சொற்பம். அந்த ஆண்டுகளில் சென்னைக்கு வந்த ஆங்கில விஞ்ஞானி பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் வடிவம் இன்னும் தெளிவாகவில்லை என்பதை அவருக்கு எடுத்துச் சொன்னார். நம் தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் இருப்பது இந்தக் கொலாஜன்தான். ராமச்சந்திரன் தேடி அலையவில்லை. பக்கத்திலேயே இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அதை எக்ஸ்-கதிரால் ஆராய்ந்தார். மூன்று இழைகள் பின்னிய கயிறு அது என்று 1954-லும், திருத்திய வடிவத்தை 1955-லும் உலகுக்கு அறிவித்தார்.

மேல்நாட்டு அறிஞர் சிலர் குறை கண்டனர். அந்த வடிவத்தில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றனர். ராமச்சந்திரன் சினக்கவும் இல்லை, சோரவும் இல்லை. அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்பதையே தனி ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். 1963-ல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து ஒரு வரைபடம் வெளியிட்டார். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் திரும்ப முடியும், எதில் முடியாது என்று ஒரே பார்வையில் காட்டும் படம் அது. இன்றும் உலகில் எங்கே ஒரு புரதத்தின் வடிவம் கண்டறியப்பட்டாலும், ராமச்சந்திரன் படத்தில் வைத்து அது சோதிக்கப்படுகிறது. குறை சொன்னவர்களின் கேள்வியே அவர் புகழுக்கு அடித்தளமாயிற்று.

1970-ல் அவர் சென்னைப் பல்கலைக் கழகத்தை விட்டு நீங்கினார். சில காலம் சிகாகோவில் இருந்தார். பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூற்று உயிர்ப்பௌதிகப் பிரிவைத் தோற்றுவித்தார். இங்கேதான் நம் கதை தாத்தாவின் கேள்விக்கு வருகிறது.

உடலுக்குள் பாயும் எக்ஸ்-கதிர், தான் கடந்த வழியில் எவ்வளவு தடை இருந்தது என்று மொத்தமாக மட்டுமே சொல்லும். எந்த இடத்தில் எவ்வளவு என்று சொல்லாது. இதைத் தாத்தாவுக்கு நான் பேரேட்டைக் கொண்டு விளக்கினேன். ஒரு பக்கத்தில் உள்ள தொகைகள் எல்லாம் அழிந்துவிட்டன. ஆனால் குறுக்கே கூட்டிய மொத்தமும், நெடுக்கே கூட்டிய மொத்தமும், மூலைவாட்டில் கூட்டிய மொத்தங்களும் மிஞ்சியிருக்கின்றன. இவற்றை வைத்து அழிந்த தொகைகளை மீட்க முடியுமா? போதுமான திசைகளில் மொத்தம் இருந்தால் முடியும் என்பதை ரேடான் என்ற ஆஸ்திரியக் கணித அறிஞர் 1917-லேயே நிறுவியிருந்தார்.

முடியும் என்பது வேறு; விரைவாக முடிப்பது வேறு. ஒவ்வொரு மொத்தத்தையும் அது வந்த வழியெங்கும் சமமாகப் பங்கிட்டு, எல்லாத் திசைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் உருவம் தோன்றும்; ஆனால் சுற்றிலும் மூடுபனி படர்ந்து நிற்கும். அந்தப் பனியை நீக்க ஃபூரியர் மாற்றம் என்னும் நீண்ட கணக்கு வழக்கத்தில் இருந்தது. அக்காலக் கணிப்பொறிகளுக்கு அது பெருஞ்சுமை.

1971-ல் ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் வெளியிட்ட கட்டுரை ஒரு குறுக்கு வழியைக் காட்டியது. மொத்தங்களைப் பங்கிடுமுன்பே ஒவ்வொன்றையும் திருத்திவிடு என்பதே அதன் சாரம். திருத்துவது எப்படி? தன் மதிப்பில் கால் பங்கை வைத்துக்கொள்ள வேண்டும். இருபுறமும் ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படைத் தொலைவில் நிற்கும் அண்டை எண்களில் ஒரு சிறு பங்கை அதிலிருந்து கழிக்க வேண்டும். தொலைவு கூடக் கூட அந்தப் பங்கு தொலைவின் வர்க்கத்துக்கேற்பக் குறையும். இரட்டைப்படைத் தொலைவில் இருப்பவற்றுக்குப் பங்கே இல்லை. ஆகவே கணக்கில் பாதி தானே மறைந்துவிடும். பெருக்கலும் கழித்தலும் தவிர வேறில்லை. பிறகு பங்கிட்டால் பனி விலகி உருவம் தெளிகிறது.

உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். வானொலி அலைகளால் விண்ணை ஆராய்ந்த பிரேஸ்வெல், ரிடில் என்ற இருவர் 1967-லேயே இதையொத்த வழியைக் கண்டிருந்தனர். ஆனால் எக்ஸ்-கதிர்ப் படங்களுக்கும் எலெக்ட்ரான் நுண்படங்களுக்கும் ஏற்றபடி அதை எளிமையாக்கித் தந்தது பெங்களூர்க் கட்டுரை.

அதே 1971-ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று, லண்டனில் ஹௌன்ஸ்பீல்டு அமைத்த சி.டி. பொறியில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை படம் பிடிக்கப்பட்டது. 180 கோணங்கள், கோணத்துக்கு 160 அளவுகள், ஆக 28,800 அளவுகள். அந்த முதற்பொறி தந்த எண்களைப் படமாக்கக் கணிப்பொறி மணிக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. அந்தச் செய்தி உலகுக்கு வெளியானது 1972-ல். நம்மவர் கட்டுரை அச்சேறியது அதற்கு முன். மூளையைப் படம் பிடிக்கும் பொறி ஒன்றுகூட இல்லாத ஊரில், அத்தகைய பொறிகளுக்கு வேண்டிய கணக்கு எழுதப்பட்டுவிட்டது! பின்னர் பல பத்தாண்டுகள் சி.டி. படங்கள் பெரும்பாலும் இவ்வகைக் கணக்காலேயே உருவாயின. தலையில் அடிபட்டு வருகிறவருக்கு உள்ளே இரத்தம் கசிகிறதா என்று சில நிமிடங்களில் சொல்ல முடிவதில் இந்தக் கணக்குக்கும் பங்குண்டு.

எம்.ஆர்.ஐ.யின் கதை சற்று வேறு. அங்கே எக்ஸ்-கதிர் இல்லை. பூமியின் காந்தத்தைப் போல் பல்லாயிரம் மடங்கு வலிய காந்தத்துக்குள் தலையை வைத்து, மூளையின் நீரில் உள்ள ஹைட்ரஜன் கருக்களை வானொலி அலையால் தட்டி எழுப்பி, அவை திருப்பிச் சொல்வதைக் கேட்கிறார்கள். இந்தத் துறையிலும் பெங்களூருக்குப் பங்குண்டு. ஓடும் திரவத்தில் இந்தக் கருக்கள் எப்படி ஒலிக்கின்றன என்பதை இதே விஞ்ஞானக் கழகத்தில் ஜி. சூர்யன் ஆராய்ந்து 1951-ல் வெளியிட்டார். 1973-ல் அமெரிக்காவில் லாட்டர்பர் முதல் காந்தப் படத்தை உருவாக்கியபோது, அவரும் பல திசைகளில் நிழல்களை எடுத்தே உருவத்தை மீட்டார். ஆம், அதே பேரேட்டுக் கணக்குத்தான்! பின்னர் எம்.ஆர்.ஐ. வேறு பாதையில் சென்றது. அந்தப் பொறி தரும் செய்தியே ஃபூரியர் வடிவில் இருப்பதால், இன்றைய வழக்கமான படங்களுக்கு அந்த மாற்றமே எளிது. ஆகவே என் தாத்தாவின் படத்தை ராமச்சந்திரன் கணக்குத்தான் தந்தது என்று நான் பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன்.

1977-ல் லண்டன் ராயல் சங்கம் ராமச்சந்திரனை உறுப்பினராக்கியது. சி.டி. பொறிக்காக 1979-ல் நோபல் பரிசு கார்மக், ஹௌன்ஸ்பீல்டு இருவருக்கும் சென்றது. அவரோ பிற்காலத்தில் தர்க்க சாஸ்திரத்தைக் கணிதமாக்கும் முயற்சியில் ஆழ்ந்தார்.

பிறகு நேர்ந்ததைப் படித்தபோது நூலகத்தில் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். அவரையும் பற்றியது அதே நடுக்குவாதம். நிழல்களைக் கூட்டி உருவம் கண்ட அந்த மூளையையே நோய் தாக்கியது. 1998-ல் துணைவியார் ராஜலட்சுமி மறைந்தார். 1999-ல் உலகப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்டு பரிசு அவருக்கு வந்தது. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் கண்மூடினார்.

இப்போது தாத்தாவின் கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடிந்தது. நடுமூளையில் கருநிறமான ஒரு சிறு பகுதி உண்டு. அங்கே டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் குறைவதால் இந்த நோய் வருகிறது. வழக்கமான எம்.ஆர்.ஐ. மூளையின் உருவத்தைக் காட்டும். நடுக்கத்துக்கான வேறு காரணங்கள் சிலவற்றைக் காட்டிக்கொடுக்கும். இந்தக் குறைவைப் பெரும்பாலும் வெளிப்படையாகக் காட்டாது. இதை நான் சொன்னதும் தாத்தா தலையசைத்தார். கூட்டுத்தொகை சரியாக வந்த பக்கத்திலும் ஒரு பதிவு விட்டுப்போயிருக்கலாம் என்பது தமக்குத் தெரியாதா என்றார். நாற்பது ஆண்டுக் கணக்கெழுத்து வீண்போகவில்லை!

மருந்து அவருக்கு ஓரளவு பலன் தருகிறது. சென்ற மாதம் அவர் எழுதிய கடிதத்தைக் கண்ணாடி போடாமலே படித்தேன்.

தோழர்களே! கருவி இல்லை, பணம் இல்லை, வசதி இல்லை என்று நாம் விடுதியில் கூடிப் பேசாத நாள் உண்டா? அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூளைநோயின் மருமத்தை அவிழ்க்க நல்ல கருவிகள் வேண்டும்தான். ஆனால் கருவி வரும்வரை காத்திராமல், கையிலிருந்த தசைநாணையும் காகிதத்தையும் கொண்டு ஒருவர் தொடங்கினார். என் தாத்தாவின் படத்தில் தெரியாத அந்தச் சிறு குறையைத் தெரியச் செய்யும் வேலை இன்னும் முடியவில்லை. அதைச் செய்யப் போகிறவர் நம் விடுதியின் அடுத்த அறையில் இருந்தாலும் இருக்கலாம்.