விழிப்பும் வேண்டுதலும்: எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் வாழ்வு

தமிழில் காப்பியம் பாடியோர் பலர். தாம் பாடிய காப்பியத்தின் வழியே தாமும் நடந்து காட்டியோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் கிறித்தவக் கம்பர் எனப் போற்றப்பெறும் ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை. சோதனையை வெல்ல மனிதனுக்கு விழிப்பு ஒரு கண், வேண்டுதல் மற்றொரு கண் என்பதைத் தம் வாழ்வாலும் வாக்காலும் உணர்த்தியவர் அவர்.

பிறப்பும் கல்வியும்

திருநெல்வேலிச் சீமையின் கரையிருப்பு என்னும் சிற்றூரில், 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், சங்கர நாராயண பிள்ளைக்கும் தெய்வநாயகி அம்மையாருக்கும் மகனாகத் தோன்றினார். குடும்பம் வைணவ நெறியில் ஊறியது. தந்தையாரோ கம்பனில் தோய்ந்தவர். எனவே இராமகாதை, எழுத்தறியும் முன்பே செவிவழிப் புகுந்து அவர் நெஞ்சில் குடிகொண்டது. பிற்காலத்தில் சமயம் மாறியபோதும் கம்பன் தந்த ஓசையும் ஆழ்வார்கள் தந்த உருக்கமும் அவரை விட்டு நீங்கவில்லை.

சாயர்புரமும் சென்னையும்

1853இல் சாயர்புரத்துக் கிறித்தவக் கல்விக்கூடத்தில் தமிழாசிரியப் பணி ஏற்றார். நெற்றியில் திருமண் துலங்க, கிறித்தவ மாணவர்க்கு இலக்கணம் கற்பித்த காலம் அது. அப்போது புதிய சமயத்தின்பால் அவருக்குப் பற்று இல்லை, எதிர்ப்பே இருந்தது. நண்பர் தனக்கோடி ராஜுவின் மனமாற்றமும் அவரோடு நிகழ்ந்த உரையாடல்களும், தாமே பயின்ற நூல்களும் அவருள் ஒரு போராட்டத்தை எழுப்பின. அறிவு ஒருபுறம் இழுத்தது. குலமும் உறவும் மறுபுறம் இழுத்தன. அந்நாளில் சமயம் மாறுவதென்பது வழிபாட்டை மாற்றுவதோடு முடிவதன்று. உண்கலத்தையும் உறவையும் இழப்பதற்கு ஒருப்படுவதாகும். தாயின் கண்ணீரைக் காட்டிலும் வலிய தடை மகனுக்கு வேறு யாது? ஈண்டு அவரைத் தடுத்து நிறுத்தியது தீமை அன்று, அன்பே. தீயதை விலக்குதல் எளிது. இனியதைக் கடத்தலே அரிது.

இறுதியில் 1858ஆம் ஆண்டு ஏப்ரலில், தம் முப்பதாம் அகவையில், சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். தினவர்த்தமானி இதழின் துணையாசிரியராகவும், மாநிலக் கல்லூரியில் தமிழாசிரியராகவும் சென்னையில் பணியாற்றினார். பின்னர் நெல்லை மண்ணுக்குத் திரும்பி ஆசிரியத் தொழிலைத் தொடர்ந்தார். மனோன்மணீயம் தந்த சுந்தரம் பிள்ளை மெய்யியல் கற்பித்த திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் அவரது தமிழ்ப்பணி நிகழ்ந்தது.

காப்பியம் பிறந்த வகை

இங்கிலாந்தில் பெட்போர்டுச் சிறையில் நெடுநாள் கிடந்தவர் ஜான் பனியன். அவர் 1678இல் வெளியிட்ட உரைநடை நூல், அழிவின் நகரை விட்டு விண்ணக நகர் நோக்கிச் செல்லும் பயணி ஒருவனின் கதை. அதனை முதனூலாகக் கொண்டு கிருஷ்ண பிள்ளை பாடியதே இரட்சணிய யாத்திரிகம். ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய என ஐந்து பருவங்களும், 3,766 பாடல்களும் கொண்டது. நற்போதகம் என்னும் மாத இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்து, 1894இல் நூலுருப் பெற்றது. பதின்மூன்று ஆண்டுகள் ஒரே இலக்கில் உள்ளத்தை நிறுத்துதலும் ஒருவகை விழிப்பே என்பதைக் கவிஞர் அறிவர்.

பனியன் கதையில் பயணியைப் பெரிதும் அலைக்கழிப்பவை அரக்கரும் சிங்கங்களும் மட்டுமல்ல. செங்குத்தான மலையின் நடுவே இளைப்பாற அமைந்த நிழற்பந்தரில் அவன் கண்ணயர்கிறான். கைச்சுருள் நழுவிப் போகிறது. அதனைத் தேடி அழுதுகொண்டே வந்த வழி திரும்ப நேர்கிறது. மரணநிழல் பள்ளத்தாக்கில் வாள் பயனற்றுப் போக, வேண்டுதல் என்னும் படைக்கலத்தையே கைக்கொள்கிறான். முடிவை அண்மிய நிலையில், உறக்கம் ஊட்டும் மயக்க நிலத்தை நண்பனோடு உரையாடி விழித்திருந்து கடக்கிறான். சோதனை பகைவன் வடிவில் மட்டும் வருவதில்லை. களைப்பாகவும் நிழலாகவும் வரும் என்பது இதன் கருத்து.

இக்கருத்து தமிழ் நெஞ்சுக்குப் புதிதன்று. கானகத்தில் அண்ணனும் அண்ணியும் துயில, வில்லூன்றிக் கண்ணிமையாது காத்த இலக்குவனைக் கம்பன்வழி அறிந்தவர் கிருஷ்ண பிள்ளை. மாயமான் பின்னே சென்றதால் விளைந்த கேட்டையும் அறிந்தவர். ஆரணியம் என்று ஒரு பருவத்திற்குப் பெயர் சூட்டியபோது, இந்நினைவுகள் கற்றோர் உள்ளத்தில் தாமே எழும் என்பதை அவர் உணராதிருந்திருக்க முடியாது.

முதனூலில் இல்லாத ஒன்றையும் அவர் சேர்த்தார். இயேசு பெருமானின் பாடுகளைத் தம் காப்பியத்தின் நடுவே விரித்துப் பாடினார். கெத்செமனே தோட்டத்தில் சீடரை விழித்திருந்து மன்றாடுமாறு ஆண்டவர் பணித்ததும், அவர்கள் உறங்கியதும், உறுதிமொழி கூறிய பேதுருவே விடியுமுன் மறுதலித்ததும் நற்செய்தி நூல்கள் கூறும் வரலாறு. வீழ்ச்சி மறுதலித்த நேரத்தில் தொடங்கவில்லை. உறங்கிய நேரத்திலேயே தொடங்கிவிட்டது. எனினும் அழுது திரும்பிய பேதுருவுக்கு வாயில் அடைபடவில்லை. விழிப்புத் தவறியவனைத் தூக்கி நிறுத்துவது வேண்டுதல்.

அதனாலன்றோ கதையோட்டத்தினிடையே தேவாரம் என்ற பெயரால் 144 இசைப்பாடல்களை அமைத்தார்! கதை விழிப்பைக் கற்பிக்க, பாடல் மன்றாடுகிறது. இரட்சணிய சமய நிர்ணயம் 1898இலும், பக்திப் பாடல்களின் தொகுதியாகிய இரட்சணிய மனோகரம் 1899இலும் வெளிவந்தன. 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் அவர்தம் பயணம் நிறைவுற்றது.

கவிஞர்க்கு ஒரு பாடம்

கொடுங்கையூரில் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தின் கவிஞர்க்குக் கிருஷ்ண பிள்ளையின் வாழ்வு சமய எல்லை கடந்த ஒரு பாடம். கவிஞனுக்கும் நிழற்பந்தர்கள் உண்டு: கைதட்டல் ஒன்று, கைப்பழக்கத்தால் வரும் எளிய சொல் மற்றொன்று. அங்கே அமர்ந்தால் கைச்சுருள் நழுவும். இளமையில் பெற்ற கம்பனை இழக்காமலும், பின்னர்க் கண்ட நெறியில் தளராமலும் நடந்த அப்பெரும்புலவர், புகழைத் தேடியதை விட வழியைத் தேடியதே மிகுதி. வழி தவறாமையால் புகழும் அவரைத் தொடர்ந்து வந்தது.