சிவாஜி கட்டி வைத்த இரண்டாவது வழி



நம் ஊர் ராஜகிரியில் நீங்கள் ஏறியிருப்பீர்கள். உச்சிக்குச் சற்று முன்னால் ஆழமான பாறைப் பிளவு ஒன்றும் அதன்மேல் சிறு பாலமும் வரும். அடுத்த முறை அங்கே மூச்சு வாங்க நிற்கும்போது சத்ரபதி சிவாஜியை நினைத்துக்கொள்ளுங்கள். செஞ்சி என்றால் நமக்கு ராஜா தேசிங்குதான். ஆனால் படிப்பு, வேலை, தொழில் என்று திட்டம் போடுகிறவர்களுக்கு இங்கே பாடம் வைத்துவிட்டுப் போனவர் சிவாஜி.

1630-இல் சிவனேரிக் கோட்டையில் பிறந்தவர், இளம் வயதிலேயே மலைக்கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார். எல்லாமே ஏறுமுகமாக இருக்கவில்லை. 1665-இல் புரந்தர் உடன்படிக்கைப்படி 23 கோட்டைகளை முகலாயரிடம் ஒப்படைக்க வேண்டி வந்தது. மறு ஆண்டு ஆக்ராவில் காவலில் வைக்கப்பட்டு, அங்கிருந்து தப்பி வந்தார். இழந்தவற்றைப் படிப்படியாக மீட்டு, 1674-இல் ராய்கட்டில் முடிசூடினார்.

அத்துடன் அவர் ஓய்ந்துவிடவில்லை. கை ஓங்கியிருந்த அந்த நேரத்திலேயே தெற்கே பார்த்தார். கிளம்பும் முன் செய்த ஏற்பாடுகளைக் கவனியுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான அமைச்சர்கள். முதுகில் தாக்காதிருக்க முகலாய ஆளுநர் பகதூர் கானுடன் சமாதானம். செலவுக்குப் பணமும் பீரங்கிகளும் தர, கோல்கொண்டா சுல்தான் அபுல் ஹசனுடன் ஒப்பந்தம். (சுல்தான் எதிர்பார்த்த பங்கு கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. அதை மட்டும் நாம் பின்பற்ற வேண்டாம்!)

1677-இல், பீஜாப்பூர் வசம் இருந்த செஞ்சி பெரிய போர் இல்லாமலே அவர் கைக்கு வந்தது. வந்ததும் மதில்களைப் பலப்படுத்தினார், காவற்படையை நிறுத்தினார். ராய்கட்டிலிருந்து இவ்வளவு தூரத்தில் இத்தனை செலவு எதற்கு என்று அன்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம்.

1680-இல் சிவாஜி காலமானார். 1689-இல் மூத்த மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றார், ராய்கட்டும் வீழ்ந்தது. இளைய மகன் ராஜாராம் மாறுவேடத்தில் தப்பி ஓடி வந்து சேர்ந்த இடம் நம் செஞ்சி. தந்தை பலப்படுத்திய கோட்டை இங்கே தயாராக இருந்தது. சுல்பிகர் கானின் படை சுமார் எட்டு ஆண்டுகள் முற்றுகையிட்டது. 1698-இல் கோட்டை விழுந்தபோது ராஜாராம் தப்பி மராட்டிய மண்ணுக்கே திரும்பிவிட்டார். அரசும் பிழைத்தது.

ஆபத்து வந்த பிறகு ராஜாராம் கோட்டை தேடியிருந்தால் கதை வேறாகியிருக்கும். நமக்கும் அப்படித்தான். வேலை நன்றாகப் போகும்போதே இரண்டாவது வழியைக் கட்ட வேண்டும். வேலை போன பிறகு கட்ட நேரமும் இருக்காது, பணமும் இருக்காது.

வரும் ஞாயிற்றுக்கிழமை, பிளஸ் டூ படிக்கும் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள். எங்கே போக வேண்டும், எந்த மாதத்துக்குள்? அதுவரை செலவுக்குப் பணம் எங்கிருந்து? வீட்டுப் பொறுப்பை யார் பார்ப்பார்கள்? அது நடக்காவிட்டால் உங்கள் செஞ்சி எது?

நான்காவது வரிக்குப் பதில் வரவில்லையென்றால், பேச்சை அங்கிருந்தே தொடங்குங்கள்.