மரத்தடியில் எழுத்துப் படித்த மேதை

விஞ்ஞானி ஹர்கோவிந்த் கொரானா 1922-ஆம் ஆண்டு ராய்ப்பூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். நாம் ரயிலில் கடந்து போகும் ராய்ப்பூர் அல்ல. இது இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ளது. சுமார் 100 பேர் வாழ்ந்த அவ்வூரில் எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் அவருடையது ஒன்றுதான். தந்தை பட்வாரி, நம் பக்கத்துக் கர்ணம் போன்ற உத்தியோகம். வருமானம் சொற்பம். ஆயினும் ஐந்து பிள்ளைகளையும் படிக்க வைத்தார். கடைக்குட்டியான கொரானாவுக்கு முதல் பள்ளிக்கூடம் ஒரு மரத்தடி.

மூல்தானில் பள்ளிப் படிப்பையும் லாகூரில் எம்.எஸ்ஸி.யையும் முடித்தார். 1945-இல் இந்திய அரசாங்கத்தின் உதவித் தொகையுடன் இங்கிலாந்து சென்று, 1948-இல் லிவர்பூலில் டாக்டர் பட்டம் பெற்றார். ஸ்விட்சர்லாந்தில் ஓராண்டு ஆராய்ச்சி செய்துவிட்டு 1949-இல் தாய்நாடு திரும்பினார். பிரிவினையால் பிறந்த ஊர் அயல்நாடாகி இருந்தது. இங்கே வேலை தேடினார்; கிடைக்கவில்லை. மறுபடியும் கடல் கடந்தார். கேம்பிரிட்ஜ், கனடாவின் வான்கூவர், 1960-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் என்று வாழ்க்கை நகர்ந்தது.

அவர் செய்த சாதனை என்ன? நம் உயிரணுக்களில் பரம்பரைக் குறிப்புகள் டி.என்.ஏ. என்ற பொருளில் நான்கே எழுத்துக்களில் பதிந்துள்ளன. வேண்டிய பகுதியின் நகல் ஆர்.என்.ஏ.வாக வருகிறது. ரைபோசோம் என்னும் பட்டறை அந்த நகலைப் படித்து, அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் புரதம் செய்கிறது. அமிலங்கள் 20 வகை, எழுத்துக்களோ 4. எந்த எழுத்துச் சேர்க்கை எந்த அமிலத்தைக் குறிக்கிறது என்பதே புதிர். 1961-இல் நிரன்பர்க் முதல் சொல்லைக் கண்டார்.

கொரானா தம் ரசாயனத் திறமையால், வேண்டிய வரிசையில் ஆர்.என்.ஏ.வை உண்டாக்கினார். யு, சி என்ற இரண்டு எழுத்துக்கள் மாறி மாறி வரும் இழை அவற்றில் ஒன்று. இரண்டிரண்டாகப் படித்தால் ஒரே அமிலம்தான் வர வேண்டும். மூன்று மூன்றாகப் படித்தால் யுசியு, சியுசி என இரண்டு சொற்கள் வரும். கிடைத்த சங்கிலியில் செரின், லூசின் என்ற இரண்டு அமிலங்கள் மாறி மாறி இருந்தன. எம்.ஏ.எஸ். என்றால் சென்னை சென்ட்ரல் என்பது போல, மூன்றெழுத்துக்கு ஓர் அமிலம் என்பது உறுதியாயிற்று. மொத்தம் 64 சொற்கள். அவற்றில் 61 அமிலங்களைக் குறிக்கின்றன. மற்ற 3 சொற்கள் புரதம் முடிந்தது என்று நிறுத்தும் கைகாட்டிகள்.

1968-இல் நிரன்பர்க், ஹாலி ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதற்கு இரண்டாண்டு முன்பே அவர் அமெரிக்கப் பிரஜையாகி இருந்தார். 1969-இல் இந்தியா பத்ம விபூஷண் அளித்தது. பின்னர் ஒரு ஜீனையே பரிசோதனைச் சாலையில் செய்து முடித்தார். 2011-இல் காலமானார்.

இந்த எழுத்து ஏறக்குறைய எல்லா உயிர்களுக்கும் பொது. அதனால்தான் மனித ஜீனை பாக்டீரியாவிடம் கொடுத்து, சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலின் தயாரிக்க முடிகிறது.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்திருக்கும் நமக்கு, வேலை தேடி அலைந்த கொரானாவின் மனம் புரியும். சொற்பச் சம்பளத்திலும் பிள்ளைகளின் படிப்பை நிறுத்தாத அந்தப் பட்வாரியையும் நாம் மறக்கலாகாது.