27 வருஷம் துணைவேந்தர்

எந்தக் காலேஜுக்குள்ள நுழைஞ்சாலும் வாசலில் ஒரு போர்டு இருக்கும், பார்த்திருப்பீங்க. விஷன், மிஷன், இன்னும் பத்து வருஷத்தில் நாங்கள் எங்கே இருப்போம்னு நாலு வரி. நாமளும் அதைத் தாண்டி கேன்டீனுக்குப் போயிட்டே இருப்போம். அந்த நாலு வரியை உண்மையிலேயே செய்து காட்டிய ஒருத்தரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை: ஆற்காடு லட்சுமணசாமி முதலியார்.

1887-ல் கர்னூலில் பிறந்தவர். இரட்டைக் குழந்தைகளில் ஒருவர். இன்னொருவர் பின்னாளில் மைசூர் திவானான ராமசாமி முதலியார். நம்ம ஆள் மகப்பேறு மருத்துவர், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர். கிருஷ்ண மேனனோடு சேர்ந்து அவர் எழுதிய மகப்பேறு பாடப்புத்தகத்தை மெடிக்கல் படிக்கிற உங்க ஃப்ரெண்ட்கிட்ட கேட்டுப் பாருங்க, தெரிஞ்சிருக்கும்.

1942-ல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனார். 1969 வரை அவர்தான். யோசிச்சுப் பாருங்க, 27 வருஷம்!

முதலில் இடமும் பணமும். 1944-ல் அழகப்பச் செட்டியாரின் நன்கொடையில் கிண்டியில் ஏ.சி. டெக் வந்தது. 1947-ல் சென்னையில் ஒரு கூட்டத்தில், கல்லூரி தொடங்க வசதியுள்ளவர்கள் முன்வரணும்னு முதலியார் கேட்டார். அங்கேயே அழகப்பர் எழுந்து ஒரு லட்சம் ரூபாய் தருவதாகச் சொன்னார். அடுத்த மாதமே காரைக்குடியில் கல்லூரி தொடங்கியாச்சு.

அடுத்தது ஆட்கள். இயற்பியல் துறைக்கு சி.வி. ராமனையே கூப்பிட்டார். ராமன் வரவில்லை, தன் மாணவர் ஜி.என். ராமச்சந்திரனைக் கைகாட்டினார். அப்போது அவருக்கு வயசு 29. இவ்வளவு சின்ன ஆளான்னு முதலியார் தயங்கவில்லை. 1952-ல் அவரையே துறைத்தலைவர் ஆக்கினார். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். கொலாஜன் மாதிரிகள் அங்கிருந்து கிடைத்தன. ரெண்டே வருஷத்தில் கொலாஜனின் மூவிழை அமைப்பு வெளியானது. 1963-ல் வந்த ராமச்சந்திரன் வரைபடம் இன்னைக்கும் உலகம் முழுக்க புரத ஆய்வில் பயன்படுகிறது.

மூன்றாவது விஷயம் நம்ம ஊர்ப் பக்கம். அந்தக் காலத்தில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த ஒரு பையனுக்கும் டிகிரி கொடுத்தது சென்னையில் இருந்த பல்கலைக்கழகம்தான். மதுரையில் மெட்ராஸ் பல்கலைக்கழகம் முதுகலை விரிவாக்க மையம் ஒன்றை நடத்தியது. 1966-ல் அதுவே தனிப் பல்கலைக்கழகமாக மாறியது. தன் எல்லை சுருங்குவதற்குத் தானே வழி செய்து வைப்பது சாதாரண விஷயமா?

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கு. முதலியார் 1969-ல் பதவியை விட்டார். கொஞ்ச நாளிலேயே ராமச்சந்திரனும் மெட்ராஸை விட்டு பெங்களூருக்குப் போய்விட்டார். 1971-ல் அங்கே இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவு அவரால் உருவானது. மெட்ராஸ் இழந்தது பெங்களூருக்குக் கிடைத்தது. ஒருத்தரே 27 வருஷம் தாங்கிப் பிடிச்சா, அவர் கையை எடுத்ததும் எது நிக்கும், எது சரியும்னு அப்போதுதான் தெரியுது. இதை அவருடைய குறையாகத்தான் நான் பார்க்கிறேன்.

1974-ல் முதலியார் மறைந்தார். நாலு வருஷம் கழிச்சு ஏ.சி. டெக் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதியானது. மதுரைப் பல்கலைக்கழகமும் காரைக்குடி கல்லூரியும் இன்றும் நடக்கின்றன. அவர் தனி நிறுவனமாக நிற்க விட்டவை எல்லாம் நின்றன. அவரை நம்பி இருந்தது மட்டும் ஊர் மாறிப் போனது.

அதனால அடுத்த தடவை அந்த விஷன் போர்டைத் தாண்டும்போது ஒரு நிமிஷம் நில்லுங்க. இதை எழுதினவர் போன பிறகும் இது நடக்குமான்னு கேட்டுப் பாருங்க. சிம்போசியம் நடத்துற நம்ம டிபார்ட்மென்ட் அசோசியேஷனுக்கும் அதே கேள்விதான். ஏப்ரல்ல நாம கிளம்பிடுவோம். ஜூனியர்ஸ்கிட்ட எதை ஒப்படைச்சிருக்கோம்?