கொடுமுடி தந்த குரல்

திண்டுக்கல் சீமையில் கோயில் திருவிழா என்றால் வள்ளி திருமணம் நாடகம் இன்றும் விடிய விடிய நடைபெறும். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் போட்டியிட்டுப் பாடும் அந்த மேடை மரபில் தோன்றி, தமிழகம் முழுவதற்கும் உரியவராக உயர்ந்தவர் கே. பி. சுந்தராம்பாள்.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு பிறந்தார். வறுமை சூழ்ந்த இளமை அது. ஓடும் ரயிலில் பாடிப் பொருள் ஈட்டிய சிறுமியின் குரல்வளம் கலையன்பர்களின் செவிக்கு எட்ட, வேலு நாயர் நாடகக் கம்பெனியில் இடம் கிடைத்தது. ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் சிதையாமல் கேட்க வேண்டும். அந்தத் தேவையே அவருடைய குரலைப் பண்படுத்தியது. சுருதி விலகாத உச்சத்திலும் சொல் தெளிவாக நின்றது.

1920களில் இலங்கை மேடையில் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடித்தார். கலையில் தொடங்கிய இணைவு 1927இல் மணவாழ்வாயிற்று. கிட்டப்பாவோ முன்னரே மணமானவர், குலமும் வேறு. ஊர் வியந்த அந்த இணை, இல்லறத்தில் நெடுநாள் நிலைக்கவில்லை. பிரிவின் துயர் ஆறுமுன்பே, 1933 டிசம்பர் 2ஆம் நாள், 27 வயதில் கிட்டப்பா மறைந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25. வெண்ணிற ஆடை உடுத்தார். மேடையை விட்டு விலகினார்.

மீண்டும் வந்தபோது ஓர் உறுதியுடன் வந்தார். எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லை என்பதே அது. 1935இல் வெளிவந்த நந்தனார் படத்தில் அவர் ஏற்றது நந்தன் என்னும் ஆண் வேடம். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய். அந்நாளில் நாடே வியந்த தொகை அது.

பின்னர் வந்த வேடங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 1940இல் மணிமேகலை; 1953இல் ஜெமினியின் ஔவையார்; 1964இல் பூம்புகாரில் கவுந்தியடிகள்; 1973இல் காரைக்கால் அம்மையார். துறவி, முதியவள், அடியவள் என அனைவரும் துணையின்றித் தனித்து நடந்த பெண்டிர். அனைவரும் தமிழ் இலக்கியம் போற்றிய பெண்டிர். காதல் நாயகிக்கே இடம் தந்த திரையுலகில், அவருடைய நோன்பு கதவை அடைக்கவில்லை. இலக்கியத்தின் வாயிலைத் திறந்துவிட்டது. ஔவை இப்படித்தான் இருந்திருப்பாள் என்று ஏடறியாத மக்களும் நம்பினர். கைம்பெண்ணை மங்கல நிகழ்ச்சிகளில் ஒதுக்கிவைத்த சமூகம், வெள்ளாடை உடுத்திய இந்தப் பெண்ணின் குரலைத் திருவிழாப் பந்தலில் ஒலிக்கச் செய்து கைகூப்பி நின்றது. வாதம் ஏதும் புரியாமல், பாடியே அவர் ஈட்டிய வெற்றி இது.

கலையோடு அவர் நிற்கவில்லை. தீரர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் தேசிய இயக்க மேடைகளில் பாடினார். காங்கிரசுக்காக ஊர் ஊராகச் சென்றார். பின்னாளில் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினராகவும் விளங்கினார். துணைவன் படப் பாடலுக்காக 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. 1970இல் பத்மஸ்ரீ வந்தது. 1980இல் அவர் வாழ்வு நிறைவுற்றது.

திண்டுக்கல் மாவட்டத்துப் பழனிக்கும் அவருக்கும் தனியுறவு உண்டு. 1965இல் வெளிவந்த திருவிளையாடலில், மாங்கனி கிடைக்காமல் சினந்து குன்றேறிய குமரனை ஆற்றுவிக்கும் ஔவையாக வந்தவர் அவரே. தைப்பூசக் காலத்தில் பாதயாத்திரை செல்வோர் அந்தப் பாட்டைக் கேட்டவாறே சமவெளிச் சாலைகளைக் கடக்கின்றனர். அவர்களுள் பலர் ஔவையின் நூல் எதையும் கற்றவரல்லர். ஆயினும் அந்தக் கிழவியின் குரல் அவர்களுக்குத் தெரியும்; கொடுமுடியில் பிறந்த குரல் அது.