லூயி ஆம்ஸ்ட்ராங்கின் இளமைப் பருவம்

ஜாஸ் இசையால் உலகெங்கும் புகழ் பெற்ற லூயி ஆம்ஸ்ட்ராங் 1971ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள் நியூயார்க் நகரில் மறைந்தார். அவர்தம் புகழை அறிந்தோர் பலர். அவர் வண்டியில் நிலக்கரி விற்ற சிறுவர் என்பதை அறிந்தோர் சிலரே. அச்சிறுவரைப் பற்றியே நம் இளைஞர்க்கு ஈண்டுக் கூற விழைகிறோம்.

அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ளது நியூ ஆர்லியன்ஸ் நகரம். அடிமை முறை 1865இல் சட்டப்படி ஒழிந்தது. எனினும் கறுப்பர்க்குத் தனிப் பள்ளி, டிராம் வண்டியில் தனி இருக்கை என்னும் இழிவு ஒழியவில்லை. அந்நகரின் ஏழ்மை மிக்க சந்து ஒன்றில் 1901 ஆகஸ்டு 4இல் லூயி பிறந்தார். அவரோ தாம் 1900 ஜூலை 4இல் பிறந்ததாகவே இறுதிவரை கூறிவந்தார். உண்மைத் தேதியைக் காட்டும் ஞானஸ்நானப் பதிவு அவர் மறைந்த பின்னரே வெளிப்பட்டது. பிள்ளையைச் சேர்க்க வந்து, பிறந்த தேதி கேட்டால் திகைத்து நிற்கும் பெற்றோரைக் கண்டு பழகிய நமக்கு இது வியப்பன்று.

தந்தை கைவிட்டுச் சென்றார். பாட்டி ஜோசபின் சில ஆண்டுகள் வளர்த்தார்; பின்னர்த் தாய் மேயானிடமும் தங்கையிடமும் வந்து சேர்ந்தார். லித்துவேனியாவிலிருந்து குடியேறிய கர்னோஃப்ஸ்கி என்னும் யூதக் குடும்பத்தாரின் வண்டியில் பழைய பொருள் வாங்கவும் நிலக்கரி விற்கவும் சென்றார். வாடிக்கையாளரை அழைக்கத் தகர ஊதல் ஒன்றை ஊதுவார். அடகுக் கடையில் கார்னெட் என்னும் பித்தளை ஊதுகருவி ஒன்று 5 டாலருக்கு இருந்தது. அக்குடும்பத்தார் முன்பணம் தந்து உதவ, அதனை வாங்கினார்.

1912 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டுக் களிப்பில் வீட்டிலிருந்த கைத்துப்பாக்கியை எடுத்து வானை நோக்கிச் சுட்டார். காவலர் பிடித்தனர். மறுநாளே கறுப்பினச் சிறுவர்க்கான சீர்திருத்த இல்லத்திற்கு அனுப்பப்பட்டார். வயது 11.

அவ்வில்லத்தின் இசையாசிரியர் பீட்டர் டேவிஸ். லூயி வந்த தெருவின் பெயரைக் கேட்டே, இவன் திருந்தமாட்டான் என்று முதலில் அவர் ஒதுக்கிவைத்தார். தெருவைக் கொண்டு பிள்ளையை அளக்கும் இக்குறை ஆசிரியரிடம் இருத்தல் கொடிது. ஆயினும் டேவிஸ் அதிலேயே நின்றுவிடவில்லை. சிறுவரின் நடத்தையைக் கவனித்தார், முதலில் கஞ்சிரா போன்ற டாம்பரின் கருவியைக் கொடுத்தார், அடுத்து முரசு, அடுத்து ஊதுகொம்பு, இறுதியில் கார்னெட். நாள்தோறும் பயிற்சி, ஒழுங்கு, குறித்த வேளையில் உணவு. சில மாதங்களில் வாத்தியக் குழுவின் தலைவராகவே லூயி ஆனார். குழு அவர் பிறந்து வளர்ந்த பகுதி வழியே அணிவகுத்துச் சென்றபோது, தெருமக்கள் திரண்டு வந்து காசுகளை வாரி வழங்கினர் என்று அவரே பின்னாளில் எழுதியுள்ளார்.

1914 ஜூனில் விடுதலையானார். பகலில் நிலக்கரி வண்டி, இரவில் இசை. ஜோ ஆலிவர் என்னும் பெருங்கலைஞர் அவரைத் தம் பிள்ளைபோல் ஏற்றுக் கற்பித்தார். தமது பழைய கார்னெட்டையும் அளித்தார். 1922இல் அவர் அழைக்கவே, லூயி சிகாகோவுக்கு இரயிலேறினார்.

1931இல் புகழுடன் ஊர் திரும்பினார். கறுப்பரை அறிமுகம் செய்யமாட்டேன் என்று வானொலி அறிவிப்பாளர் மறுத்துவிட்டார். லூயி தாமே ஒலிபெருக்கியின் முன் நின்று தம்மை அறிமுகம் செய்துகொண்டு இசைத்தார். அப்பயணத்தின்போதே, தாம் கார்னெட் பயின்ற சிறுவர் இல்லத்திற்கும் சென்றுவந்தார்.